நூற்றைம்பத்தெட்டில் ஒன்று குறைவு

மாவட்டக் குப்பைக் கிடங்கின் எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் சிவப்பு எழுத்தில் எடை விழும். இருபது இருபது பவுண்டாகத்தான் அந்த மேடை எடை காட்டும்; அதற்குக் குறைந்த எதையும் கண்டுகொள்ளாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்லிஸ் ஸ்கூபிச், சீட்டு அச்சாகி வெளியே வருவதற்குள் அந்த எடையை இருபதால் வகுத்து, கிடைத்ததைப் பகா எண்களாக உடைத்துவிடுவாள். பதினான்கு வருடமாக இதே வழக்கம். யாரும் செய்யச் சொல்லவில்லை. சும்மா இருந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். இவள் எண்ணைக் கடிப்பாள்.

ஹிப்பிங் என்ற சுரங்க ஊரின் வட்டாரத்து லாரிக்காரர்களுக்கு இது தெரியும். விர்ஜில் என்ற ஓட்டுநர் தினமும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பந்தயம் கட்டுவார். ஒருநாள் அவர் வண்டி 38,860 காட்டியது. இருபதால் வகுத்தால் 1943.

"எங்கப்பா பொறந்த வருஷம்மா அது. அந்த ஆளையே ஒருத்தராலயும் அசைக்க முடியல. இது மட்டும் உடைஞ்சிருமா?"

"இருபத்தொம்பது தடவ அறுபத்தேழு. போய்க் கொட்டிட்டு வாங்க, பின்னாடி வண்டி நிக்குது."

சீட்டில் மூன்று எடைகள் இருக்கும்: சரக்கோடு வண்டி, வெறும் வண்டி, சரக்கு. கழித்தலை இயந்திரமே செய்துவிடும். ஆனாலும் ஆர்லிஸ் ஒவ்வொரு எடையின் இலக்கங்களையும் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மீதி ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் சீட்டைக் கொடுப்பாள். இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் எந்த ஒரு நாள் இது அவசியமாகத் தேவைப்பட்டதோ, அந்த நாளில்தான் அவள் இதைச் செய்யவில்லை.

ஆர்லிஸின் அப்பாவும் இரண்டு தாத்தாக்களும் இரும்புச் சுரங்கத்தில் மண் தோண்டியவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டூலூத் நகரில் நான்கு வருடம் கணிதம் படித்தாள். பட்டமளிப்புக்கு இரண்டு வேன்களில் பதினான்கு பேர் வந்து, மேடையில் அவள் பெயரைத் தப்பாக உச்சரித்தவரைத் திட்டிவிட்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மதிப்பெண் குறைவில்லை. ஆனால் வகுப்பில் அவள் எப்போதும், பெரிய வீட்டு விருந்துக்குப் போய் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று தெரியாமல் நிற்பவளைப் போலத்தான் இருந்தாள். மேற்படிப்புக்குப் போக வேண்டுமானால் ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. கேட்கலாம் என்று தெரிய வந்தபோது அந்த வருடத்துக் கெடு தாண்டியிருந்தது. அடுத்த வருடம் எடைமேடை வேலை கிடைத்தது. அதற்கடுத்த வருடம் லோர்னைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா லெம்பி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் காபியின்போது, நாலு வருடம் படித்த என் மகள் குப்பைக்கு எடை போடுகிறாள் என்று சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதி கேலி, பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று ஆர்லிஸுக்குப் பிடிபட்டதில்லை. தான் படித்தது கணிதமா, இல்லை கணிதத்தின் வீட்டு வாசலைக் கூட்டக் கற்றுக்கொண்டது மட்டுமா என்ற கேள்வியும் முப்பத்தேழு வயதுவரை அவளை விடவில்லை.

அந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் கிடைக்கும் என்றுதான் ஏழுக்காரர்களோடு சேர்ந்தாள்.

ஏழுக்காரர்கள் என்பது இணையத்தில் ஒரு கூட்டம். இருபத்துச் சொச்சம் பேர். வரிசையாக ஏழுகளை எழுதி, நட்ட நடுவில் மட்டும் ஒரு மூன்றை வைத்தால் வரும் எண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பகாக் காரணிகளாக உடைப்பது அவர்கள் வேலை. 737 என்றால் பதினொன்றும் அறுபத்தேழும். பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். இலக்கம் நூற்றைம்பதைத் தாண்டினால் கணினிகள் மாதக்கணக்கில் முனக வேண்டியிருக்கும். பரிசு கிடையாது. பட்டியலில் எண்ணுக்கு நேரே உடைத்தவர் பெயர் வரும், அவ்வளவுதான். பட்டியலை வைத்திருப்பவர் லூசியானாவில் லாரிகளுக்கு பிரேக் சரிபார்க்கும் ஓடெல் ப்ரூதோம்.

அவர்களுக்கென்று சில முறைகள் உண்டு. ஓர் எண்ணை எடுப்பவர் பட்டியலில் பெயர் போட்டுவிட வேண்டும். தொண்ணூறு நாளைக்கு அது அவருடையது. அதில் வேறு ஆள் கை வைத்தால், உறைந்த ஏரியில் அடுத்தவர் துளைத்த ஓட்டைக்குள் நம் தூண்டிலை விட்டதற்குச் சமம். தொண்ணூறு நாளில் முடியாவிட்டால் எண் பொதுவுக்குத் திரும்பிவிடும். சல்லடை என்று அவர்கள் சொல்லும் நீண்ட கணக்கீட்டைத் தொடங்குவதற்கு முன்னால் சின்னக் காரணிகள் ஏதாவது ஒளிந்திருக்கின்றனவா என்று அரித்துப் பார்ப்பதை நாலைந்து பேர் பங்கு போட்டுச் செய்து வைத்துவிடுவார்கள். எண்ணை எடுப்பவர் அதை மறுபடி செய்ய வேண்டியதில்லை. கடைசியாக, உடைத்த துண்டுகளை வேறொருவர் திரும்பப் பெருக்கிப் பார்த்து 'சரி' என்று எழுத வேண்டும்.

ஆறு வருடமாக ஆர்லிஸ் அந்த அரித்தெடுக்கும் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தாள். அவள் பெயர் அடிக்குறிப்புகளில் பொடி எழுத்தில் கிடந்தது. ஒரே ஓர் எண்ணாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்று சென்ற குளிர்காலத்தில்தான் முடிவு செய்தாள். மாவட்ட அலுவலகம் கழித்துவிட்ட நான்கு கணினிகளை வாங்கிவந்து வீட்டு நிலவறையில் வரிசையாக வைத்தாள்.

பட்டியலில் இரண்டு எண்கள் அவளை இழுத்தன. சின்னக் காரணிகள் எல்லாம் கழன்ற பிறகு ஒன்றில் 157 இலக்கம், மற்றதில் 158. இரண்டு நாள் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியதையே எடுத்தாள். மிச்சிகனில் இருக்கும் வான்டர்ஸ்லூட் உடனே ஒரு வரி எழுதினார். பழைய கணினிகள் நாற்பதைக் கோழிக்கூடத்தில் அடுக்கி, அந்தச் சூட்டில் கோழிகளையும் வளர்ப்பவர் அவர்.

"நல்ல எண்ணு அது. என் கோழிங்களுக்கு மூணு நாள் வேலை. தொண்ணூறாவது நாள் காத்தாலை வந்து பாக்கறேன்."

"உங்க கோழிங்கள முட்டை மட்டும் போடச் சொல்லுங்க" என்று ஆர்லிஸ் பதில் போட்டாள்.

பெயர் போட்ட அன்றே, டிசம்பர் இரண்டாம் தேதி, சல்லடை ஓட ஆரம்பித்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. நிலவறையோ அடுப்பங்கரை மாதிரி இருந்தது. லோர்ன், சுரங்கத்தில் தாதுவை ரயிலில் ஏற்றுபவன். கழற்றிய கையுறைகளையும் காலுறைகளையும் கணினிகளின் மேல் காயப்போட்டான். பிப்ரவரியில் குடைமிளகாய் விதைகளைச் சின்னத் தொட்டிகளில் ஊன்றி அங்கேயே கொண்டுவந்து வைத்தான். குடைமிளகாய் முளைக்கச் சூடு வேண்டும்.

"உன் ஏழு எப்ப வேணா உடையட்டும் அம்மணி. என் செடி மூணு இலை விடறவரைக்கும் மெஷின அணைக்காத."

எண்பத்து நான்காம் நாள், பிப்ரவரி இருபத்துமூன்று, சனிக்கிழமை காலை விடை வந்திருந்தது. காபிக் குவளையோடு இறங்கிப் போனவள், படிக்கட்டின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பகா எண்கள். ஒன்றில் 145 இலக்கம். மற்றதில் வெறும் பதின்மூன்று.

மற்றவர்களுக்கு அது வெற்றியாகத் தெரிந்திருக்கும். ஆர்லிஸ் காபியைக் குடிக்காமல் படியிலேயே வைத்துவிட்டாள். நாலு பேர் அரித்த அரிசியில் இவ்வளவு பெரிய கல் எப்படித் தப்பும்? பதின்மூன்று இலக்கக் காரணியைப் பிடிக்க எந்தக் கணினிக்கும் முட்டை வேகிற நேரம் போதும். அரித்த நால்வரில் அவளே ஒருத்தி. பட்டியலில் இருக்கும் எண்ணை அந்தப் பதின்மூன்று இலக்க எண்ணால் வகுத்துப் பார்த்தாள். வகுபடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. எண்ணை எடுத்த அன்று பட்டியலைத் திறந்து வைத்திருந்த கணினித் திரையின் அகலத்துக்கு ஒரு வரியில் 157 இலக்கம் கொண்டது. நூற்றைம்பத்தெட்டாவது இலக்கமான ஓர் ஏழு, அடுத்த வரியில் தனியாக, யாரோ தவறவிட்ட பொத்தான் மாதிரி கிடந்தது. வரியை இழுத்துப் பிரதி எடுத்தபோது அது மட்டும் விட்டுப்போயிற்று. முதல் நாளே கணினி '157 இலக்கம்' என்று எழுதிக் காட்டியிருந்தது. அவளும் படித்தாள். இரண்டு நாளாக 157, 158 என்று மாறி மாறிப் பார்த்த கண்ணுக்கு அது பழகின முகமாகத் தெரிந்தது, கடந்து போய்விட்டாள். சின்னக் காரணிகளைத்தான் நாலு பேர் முன்பே பார்த்தாயிற்றே என்று சோதிக்கவும் இல்லை. அந்த நால்வரும் பார்த்தது முழு எண்ணை.

எண்பத்து நான்கு நாள் அவள் உழுதது யாருக்கும் வேண்டாத நிலம். ஒன்பதைத் தள்ளிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நாற்பது பவுண்டு குப்பைக்கு அதைச் செய்கிறவள் அவள்.

லோர்ன் இறங்கிவந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்குக் காரணி, கீரணி எதுவும் தெரியாது. ஆனால் தப்பான பெட்டியில் தாது ஏற்றினால் என்ன ஆகும் என்று தெரியும். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டான். ஆறு என்றாள். அந்த வாரம்தான் ஊரில் பனிப்புயலால் இரண்டு நாள் மின்சாரம் போயிருந்தது. ஆனால் லோர்ன் முன்யோசனையோடு ஜெனரேட்டரை ஓட்டி நிலவறையைக் காப்பாற்றியிருந்தான்.

அந்த இரண்டு நாளை அவள் அன்று முழுக்க மனதில் புரட்டினாள். புயலில் கணினிகள் படுத்துவிட்டன, எல்லாம் அழிந்துவிட்டது, இன்னொரு தொண்ணூறு நாள் கொடுங்கள் என்று எழுதினால் ஓடெல் கொடுத்துவிடுவார். போன வருடம் வெள்ளத்தில் கணினியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எண் அவள் கையிலேயே இருக்கும், பெயரும் வரும். உண்மையைச் சொன்னால் ஆறே நாளில் எண் போய்விடும். அதைவிட, இவளுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்பது இருபது பேருக்கும் தெரியும். எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று தெரியாதவள், உட்கார்ந்த முதல் நாற்காலியையே உடைத்த கதை.

இரண்டு முறை புயல் கதையை எழுதி அழித்தாள். பொய் என்பதற்காக மட்டும் அல்ல. அந்தப் பதின்மூன்று இலக்க எண்ணும், 145 இலக்க எண்ணும் உண்மையானவை. உலகத்தில் யாரும் கேட்காத எண்ணாக இருக்கலாம். ஆனால் கணக்கில் தப்பில்லை. புயல் கதையைச் சொன்னால் அவை இரண்டும் இல்லாமல் போய்விடும். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிறு மதியம், தேவாலயத்திலிருந்து வந்ததும், நடந்ததை நடந்தபடி எழுதினாள். விட்டுப்போன ஏழைப் பற்றியும், படித்துவிட்டுக் கடந்துபோன அந்த ஒற்றை வரியைப் பற்றியும் எழுதி, கீழே இரண்டு பகா எண்களையும் போட்டாள். எண்ணை இப்போதே பொதுவில் விடுவதாகவும் சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் கோழிக்கூடத்துக்காரர்தான் முதலில் வந்தார். கேலிக்கு அவள் தயாராகவே இருந்தாள்.

"பெருக்கிப் பாத்துட்டேன். நீங்க போட்ட எண்ணுக்கு ரெண்டும் சரி. நான் ஒரு தடவை பதினொரு நாள் ஓட்டினேன், உடைச்சு முடிச்ச எண்ணையே திரும்ப உடைச்சுக்கிட்டு. அத இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை."

அதன் கீழே ஓடெல் எழுதினார். "ஆர்லிஸ், பிரேக் கழட்டிட்டு மாட்ட மறந்த கை என்னோடது, நான் ஒண்ணும் சொல்லறதுக்கில்ல. ஆனா முறை முறைதான். எண்ணு பொதுவுக்குப் போகுது. நீங்க குப்பை லாரிக்குப் பண்றதா சொல்வீங்களே, ஒன்பது தள்ளறது, அத இனிமே எல்லாரும் பெயர் போடும்போதே எழுதணும்."

ஒன்பதால் மீதி பார்த்தால் மட்டும் போதாது என்று வான்டர்ஸ்லூட் உடனே வாதத்துக்கு வந்தார். விட்டுப்போனது ஏழாக இருந்ததால்தான் மாட்டியிருக்கும். ஒன்பதோ பூஜ்யமோ விட்டுப்போயிருந்தால் மீதி அசையாது, ஆகவே இலக்க எண்ணிக்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம். அதைப் பற்றி மட்டும் பதினேழு பதில்கள் வந்தன. ஆர்லிஸ் அவற்றில் ஆறுக்குப் பதில் எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தபோது, தான் விருந்தாளியாக இல்லை, அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு நாளும் இப்படி இருக்க அவளை யாரும் தடுத்ததில்லை என்பதும் சேர்ந்தே தோன்றியது.

158 இலக்க எண்ணை வான்டர்ஸ்லூட் எடுத்தார், மூன்றே நாளில் உடைத்தார். 74 இலக்கத்தில் ஒன்று, 85 இலக்கத்தில் ஒன்று. பெருக்கிப் பார்த்து 'சரி' எழுதும் வேலையை ஓடெல் ஆர்லிஸிடம் விட்டார். அவள் பெருக்கினாள். கடைசி இலக்கம் ஏழு, தன் இடத்தில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று மாதமாக ஆசைப்பட்டிருந்தாள்; இப்போது தெரிந்துவிட்டது. அந்த ஆசை தீர்ந்ததில் தன் பெயரோ அவர் பெயரோ குறுக்கே வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிலவறையில் நான்கு கணினிகளும் சும்மா இருந்தன. குடைமிளகாய்க்கு இரண்டு இலைதான் வந்திருந்தது.

"மெஷின அணைச்சிட்டியா?" என்று லோர்ன் கவலையோடு கேட்டான்.

"அணைக்கல. சும்மா ஓடுது."

"சும்மா ஏன் ஓடணும்? இன்னொண்ணு இருந்துச்சே, சின்னது."

நூற்றைம்பத்தேழு இலக்க எண் இன்னும் பட்டியலில் இருந்தது. அவள் அதை எடுத்தாள். இந்த முறை அச்சடித்த தாளை லோர்ன் கையில் கொடுத்தாள். சமையலறை மேசையில் ஏலக்காய் ரொட்டித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுரங்கத்து ரேடியோவில் ஓர் உத்தரவு வந்தால் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் ரயில் நகரும். பத்தொன்பது வருடமாக லோர்னுக்கு அதுதான் தொழில். அவன் தாளைப் பார்த்து ஓர் இலக்கம் சொல்வான். அவள் திரையைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்வாள்.

"நாலு."

"நாலு."

"ஒம்பது."

"ஒம்பது."

"வாய்ல ரொட்டிய வெச்சுக்கிட்டுச் சொன்னா ரயில் நகராது. திருப்பிச் சொல்லு."

"ஒம்பதுடா, ஒம்பது."

அதன்பிறகு மீதியும் இலக்க எண்ணிக்கையும் எழுதினாள். சின்னக் காரணிகளையும் தானே ஒரு முறை அரித்துப் பார்த்தாள். கல் எதுவும் இல்லை. மார்ச் நான்காம் தேதி சல்லடை கிளம்பியது.

குடைமிளகாய் மூன்றாம் இலையும் நான்காம் இலையும் விட்டது. ஏரியில் பனி உடைந்தது. மே மாதம் நாலாம் வாரத்தில் லோர்ன் தொட்டிகளைப் பகலில் வெளியே வைத்து வெயிலுக்குப் பழக்கிக்கொண்டிருந்தான். எண்பத்தோராம் நாள் வியாழக்கிழமை, அவனுக்கு விடுமுறை. ஆர்லிஸ் எடைமேடையில் இருந்தாள். பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"கீழ தொட்டி எடுக்கப் போனேன். மெஷின் நின்னிருக்கு. ரெண்டு எண்ணு எழுதியிருக்கு. சின்னதுல அறுபத்தொம்பது இலக்கம், நான் ரெண்டு தடவை எண்ணினேன். பெருசுல எண்பத்தெட்டு."

அறுபத்தொன்பதும் எண்பத்தெட்டும். கல் இல்லை, இரண்டும் முழு ஆள்கள். ஆர்லிஸ் எழுதும் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். மாலை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்தான். அவளால் முடியவில்லை.

"சின்னத மட்டும் படி" என்றாள்.

லோர்ன் படித்தான். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். முப்பதாவது இலக்கத்தில் விர்ஜிலின் லாரி மேடையில் ஏறி நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார், ஹாரனை ஒரு முறை தட்டினார். ஆர்லிஸ் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பதாவது இலக்கம் மூன்று. இலக்கங்களைக் கூட்டினாள். லோர்னும் அந்தப் பக்கம் கூட்டினான். இரண்டும் ஒத்துப்போயின.

தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் எடை காத்திருந்தது.

"என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு நேரம்? உடைய மாட்டேங்குதா?" என்றார் விர்ஜில்.

"இது உடையாது. அறுபத்தொம்பது இலக்கம், பகா எண்ணு" என்றாள் ஆர்லிஸ்.

விர்ஜில் தன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு குப்பை தான் ஏற்றிவரவில்லை என்றார்.